பூங்காவின் உயிர் பத்திரத்தில் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கப்பன் பூங்காவுக்குப் போனால், அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஸ்ரீராமபுரத்திலும் ஓகலிபுரத்திலும் மர்பி டவுனிலும் ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவர்கள் பிள்ளை குட்டிகளோடு புல்தரையில் அமர்ந்திருப்பார்கள். பங்களாவில் இருப்பவருக்குப் பூங்கா ஒரு அழகு. நமக்கோ அதுதான் திண்ணை, அதுதான் முற்றம், அதுதான் மொட்டை மாடி.

இந்த இடத்துக்குக் காவல் யார்? தோட்டக்காரர் என்று சொல்லத் தோன்றும். மரத்தைக் காப்பவர் அவர்தான். ஆனால் மரம் நிற்கிற மண்ணைக் காப்பது வேறு. வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம், கெஜட்டில் ஒரு வரி, அந்த வரியை நினைவில் வைத்திருக்கிற நாலு பேர். இந்த மூன்றும் இருந்தால் பூங்கா இருக்கும். ஒன்று தவறினாலும் ஆபத்துதான். காகிதத்தோடு காலம் தள்ளும் ரயில்வே குமாஸ்தா என்பதால் நான் காகிதத்தைப் பெரிதுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். பெங்களூரின் கதையே அதைத்தான் சொல்கிறது.

நல்ல காரியத்துக்காகப் போன ஏரிகள்

ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து மெஜஸ்டிக்கில் இறங்குகிறோமே, அந்தப் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். கோரமங்கலாவில் தேசிய விளையாட்டு கிராமம் எழுந்ததும் ஏரி நிலத்தில்தான்.

இவற்றில் எதையும் கெட்ட காரியத்துக்கு என்று சொல்லி யாரும் எடுக்கவில்லை. பஸ் வேண்டும், விளையாட்டு வேண்டும், வீடு வேண்டும். ஒவ்வொரு காரணமும் நியாயம்தான். ஆனால் எல்லா நியாயத்துக்கும் திறந்த வெளியே பலி என்றால், ஊரார் மூச்சு விடும் இடம் எது?

இதே கேள்வி 150 ஆண்டுகளுக்கு முன் லண்டனிலும் எழுந்தது. அதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு வக்கீல். 1844ல் பிறந்த ராபர்ட் ஹண்டர். நம்மில் பலர் கேள்விப்படாத பெயர்.

அந்தக் காலத்து இங்கிலாந்திலும் நம் ஊர் மந்தைவெளி போலப் பொது நிலங்கள் இருந்தன. நிலம் பெயரளவில் ஜமீன்தாருக்குச் சொந்தம். மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் ஊராருக்குப் பாத்தியதை உண்டு. ரயில் வந்தது. லண்டன் வீங்கியது. நிலத்தின் விலை ஏறியது. ஜமீன்தார்கள் வேலி போட ஆரம்பித்தார்கள். ஊராரிடம் பத்திரம் இல்லை, பழைய வழக்கம்தான் இருந்தது. அவர்களுக்காகப் போராட 1865ல் பொது நிலப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது.

மறு ஆண்டே ஒரு வேடிக்கை நடந்தது. பெர்க்காம்ஸ்டெட் என்ற ஊரின் பொது நிலத்தில் ஒரு பிரபு இரும்பு வேலி போட்டார். 1866 மார்ச் 6ந் தேதி இரவு, லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் புறப்பட்டது. அதில் சுமார் 120 கூலித் தொழிலாளர்கள். அழைத்துப் போக வேண்டிய காண்டிராக்டர் குடித்துவிட்டுக் கிடக்க, மேற்பார்வைக்கு வந்த வக்கீல் குமாஸ்தாவே படைத்தலைவர் ஆனார். பொழுது விடிவதற்குள் வேலியைப் பெயர்த்து எடுத்து அடுக்கி வைத்துவிட்டார்கள். பிறகு வழக்கு நடந்தது. 1870ல் தீர்ப்பு மக்கள் பக்கம் வந்தது.

வேலியைப் பிடுங்க ஒரு இரவு போதும். பிடுங்கியது சரிதான் என்று கோர்ட்டில் நிலைநாட்ட நாலு ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டாவது வேலைக்கென்றே வாய்த்தவர் ஹண்டர். பொது நிலங்களைக் காக்கும் வழி பற்றி 1866ல் நடந்த கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். அச்சில் வந்த ஆறு கட்டுரைகளில் அவருடையதும் ஒன்று. 1868ல் சங்கத்தின் சட்ட ஆலோசகர் ஆனார். வயது இருபத்து நான்குக்கு மேல் இல்லை.

சுடுகாட்டு நிலம் கொடுத்த உரிமை

அவருடைய பெரிய வழக்கு எப்பிங் காட்டு வழக்கு. லண்டனுக்கு அருகே பரந்த காடு அது. அதையும் ஜமீன்தார்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். விறகு வெட்டும் பழைய உரிமையைக் காட்டி எதிர்த்து நின்றார் தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலிக்காரர். அவர் குடும்பத்தவர் சிறைக்குப் போனார்கள். சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார். 1870ல் அவர் இறந்ததும் வழக்கும் செத்தது. ஏழை ஒருவரின் ஆயுளை நம்பிப் போட்ட வழக்குக்கு அதுதான் கதி.

சாகாத வாதி ஒருவர் தேவைப்பட்டார். ஆராய்ந்து பார்த்தபோது, லண்டன் நகராட்சி தன் இடுகாட்டுக்காகக் காட்டின் எல்லைக்குள் நிலம் வாங்கியிருந்தது தெரிந்தது. அந்த நிலத்துக்கு உரியவர் காடு முழுவதும் மாடு மேய்க்கலாம் என்பது பழைய பாத்தியதை. அது போதாதா? நகராட்சி 1871ல் ஜமீன்தார்கள் மேல் வழக்குத் தொடுத்தது. ஹண்டர் பழைய ஆவணங்களை எல்லாம் தேடிச் சேர்த்தார். 1874ல் வேலிகள் சட்ட விரோதம் என்று தீர்ப்பாயிற்று. 1878ல் தனிச் சட்டம் வந்தது. 1882ல் விக்டோரியா ராணியே வந்து காட்டை மக்களுக்கென்று அறிவித்தார். அந்தக் காடு இன்றும் சுமார் 6,000 ஏக்கர் திறந்த வெளியாக நிற்கிறது.

அதே 1882ல் ஹண்டர் தபால் இலாகாவின் சட்ட அதிகாரி ஆனார். 1913 வரை அந்த உத்தியோகம். பகலில் தபால், தந்தி, டெலிபோன் பைல்கள். மிச்ச நேரத்தில் ஊராரின் நிலம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு வழக்கு என்று ஓடினால் முடியாது, நிலத்தையே வாங்கி மக்களுக்காக வைத்திருக்க ஒரு அமைப்பு வேண்டும் என்று 1884ல் சொன்னார். ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்து புகழ் பெற்ற ஆக்டேவியா ஹில் அம்மையாரும், ரான்ஸ்லி என்ற பாதிரியாரும் கை கோத்தார்கள். 1895ல் நேஷனல் டிரஸ்ட் பதிவாயிற்று. அதற்குக் கிடைத்த முதல் சொத்து ஐந்து ஏக்கருக்கும் குறைவு. 1907ல் வந்த சட்டம்தான் அதன் பலம். டிரஸ்ட் ‘விற்க முடியாதது’ என்று அறிவித்த நிலத்தை டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது. காவல்காரனையும் நம்பாமல் பூட்டுப் போட்டார் ஹண்டர். 1913 நவம்பரில் இறக்கும் வரை அவரே அதன் தலைவர்.

பெங்களூரில் ஒரு பூங்கா மனை

சீமையில் நடந்தது இங்கே நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது.

ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் ஒரு மனை. வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருந்தது. 1976ல் முதலமைச்சர் உத்தரவின் பேரில் அது மருத்துவமனைக்கென்று மாற்றப்பட்டு, ஒரு டிரஸ்டுக்கு நர்சிங் ஹோம் கட்ட ஒதுக்கப்பட்டது. அக்கம் பக்கத்தில் குடியிருந்தோர் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். முதலில் தோற்றார்கள். மருத்துவமனையும் மக்களுக்கு வசதிதானே என்பது வாதம். அப்பீலில் ஜெயித்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1991 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், பூங்காவுக்கென்று வைத்த இடத்தை ஒருவர் உத்தரவால் மாற்ற முடியாது, நர்சிங் ஹோம் பூங்காவுக்கு ஈடாகாது, அங்கே குடியிருப்பவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று முடிவு கட்டியது. இந்தத் தீர்ப்பை இன்றும் நாடு முழுவதும் பூங்கா வழக்குகளில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்த மக்கள் கையில் என்ன இருந்தது? பச்சைக் கட்டம் போட்ட ஒரு வரைபடம். அவ்வளவுதான்.

கப்பன் பூங்காவுக்கும் இப்படியொரு கதை உண்டு. 1870ல் தலைமைப் பொறியாளர் சாங்கி அமைத்த பூங்கா அது. நூறு ஏக்கர் அளவில் தொடங்கி வளர்ந்தது. 1975ல் கர்நாடக அரசின் பூங்காப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் லால்பாக்குக்கும் அரணாக வந்தது. ஆனால் கெஜட்டில் ஒரு அறிவிப்பு சேர்த்ததை இன்னொரு அறிவிப்பு நீக்கலாம். 1998ல் அரசு சுமார் 32 ஏக்கரை இந்தப் பாதுகாப்பிலிருந்து நீக்க முடிவு செய்தபோது, பொதுமக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். ஹண்டர் போட்ட பூட்டு இங்கே இன்னும் விழவில்லை. கப்பன் பூங்காவுக்கும் லால்பாக்குக்கும் ‘குறைக்க முடியாதது’ என்ற நிலை சட்டத்திலேயே வர வேண்டும் என்பதுதான் என் கருத்து.

குடிசை முதலில், மாளிகை கடைசியிலா?

இந்த இடத்தில் நம்மவர் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். அது நியாயமான ஆட்சேபம். “பூங்கா, ஏரி என்று பேச ஆரம்பித்தால் முதலில் இடிப்பது எங்கள் குடிசையைத்தானே?” பிழைக்க வந்த கூலிக்காரர்களுக்குக் கிடைத்தது ஏரிக்கரையும் புறம்போக்கும்தான். புல்டோசர் அங்கே வருகிற வேகத்தில், ராஜகால்வாயை அடைத்து நிற்கும் அடுக்கு மாடிக்கு வருவதில்லை.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், ஊர்ப் பொது நிலங்களை மீட்டு ஊராரிடம் ஒப்படைக்க எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. நம் ‘மந்தைவெளி’, ‘புறம்போக்கு’ என்ற சொற்களே அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அரசே கொடுத்த இடம், பள்ளிக்கூடம், மருந்தகம் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எப்பிங் காட்டிலும் மரம் வெட்டும் உரிமையை நிறுத்தியபோது, வில்லிங்கேல் ஊராருக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் 1884ல் எழுந்த பொது மண்டபம் இன்றும் அங்கே இருக்கிறது.

ஆகவே திறந்த வெளியைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. குடிசைவாசிக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே அவரை அப்புறப்படுத்த வேண்டும். ஏரியை வளைத்த பணக்காரருக்கு அந்தச் சலுகை கூடாது. இதைக் கேட்பதற்கும் நாம் காகிதத்தோடுதான் நிற்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

வாடகைக்கு இருப்பவன்தானே, எனக்கு எதற்கு இந்த வம்பு என்று ஒதுங்க வேண்டாம். தோட்டம் வைத்த வீடு இல்லாதவனுக்குத்தான் பொதுத் தோட்டம் அதிகம் தேவை. பிள்ளைகள் விளையாடும் மைதானம் போனால், அவர்கள் பஸ் ஓடும் சாலையில்தான் பந்து அடிப்பார்கள்.

நம் பேட்டையில் உள்ள சங்கங்கள் பொங்கல் விழா நடத்துகின்றன, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கின்றன. கூடவே இதையும் செய்யட்டும். 2005ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் கட்டணத்தோடு பி.டி.ஏ.விலோ மாநகராட்சி அலுவலகத்திலோ கொடுங்கள். பேட்டையின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா எது, மைதானம் எது, அளவு என்ன என்று கேளுங்கள். ஆங்கிலமும் கன்னடமும் எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மில் எத்தனையோ பேர். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைதானம் அவருக்கும் சொந்தம்.

கிடைத்த நகலைச் சட்டம் போட்டுச் சங்க அறைச் சுவரில் மாட்டுங்கள். நாளைக்கு யாராவது நல்ல காரியம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வேலிக் கம்பியோடு வந்தால், அதைக் காட்டிப் பேசலாம்.