விரும்பத்தக்கதா, இன்றியமையாததா?

சுகாதாரச் சமநீதி என்னும் பாடத்தைக் கற்பிக்க விரிவுரையாளர் தேவை என்று பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்கின்றன. நோயும் சாவும் ஏழையின் வீட்டுக்கு மட்டும் ஏன் முந்தி வருகின்றன என்பதை மாணவர்க்கு உணர்த்தும் பாடம் அது. அத்தகைய ஒரு பாடம் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றிருப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால், அதைக் கற்பிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை நம்மால் வரவேற்க முடியவில்லை.

விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலைப் பாருங்கள். வழக்கமாக அது இரு பகுதிகளாக இருக்கும். 'இன்றியமையாதவை' என்ற தலைப்பின் கீழ் டாக்டர் பட்டம், ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகள், ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் திறமை ஆகியவை அணிவகுத்து நிற்கும். நலிந்த மக்களிடையே பணியாற்றிய அனுபவம் எங்கே? அது இடம் பெற்றால், பெரும்பாலும் 'விரும்பத்தக்கவை' என்ற அடுத்த பகுதியில் ஓரமாக ஒதுங்கி நிற்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்பதே அதன் பொருள். இந்த வரிசை தவறானது என்பதே நமது வாதம்.

சுகாதாரச் சமநீதி என்றால் என்ன? முதியவர் இளைஞரைவிட மிகுதியாக நோயுறுவதை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. தவிர்க்கக்கூடியதாக இருந்தும் தவிர்க்கப்படாத, நியாயமற்ற வேறுபாடே அநீதி என்று 1990இல் தெளிவுபடுத்தினார் மார்கரெட் வைட்ஹெட் அம்மையார். அந்த அநீதியின் அளவை 2010இல் வெளிவந்த மைக்கேல் மார்மட்டின் அறிக்கை எடுத்துக் காட்டியது. இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் வாழ்வோர், மிகச் செல்வம் படைத்த பகுதிகளில் வாழ்வோரைவிடச் சராசரியாக 7 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர். உடற்குறையின்றி வாழும் காலத்திலோ வேறுபாடு 17 ஆண்டுகள்! எல்லார்க்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கப்பெற்று அறுபது ஆண்டுகள் கடந்த பின்னர் அங்கிருந்த நிலை இது. மருத்துவமனையின் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. அந்தக் கதவு வரை வர இயலாதவர் யார், ஏன் வர இயலவில்லை என்பதை அறிந்தவரே இப்பாடத்தைக் கற்பிக்கத் தகுதி வாய்ந்தவர்.

இத்துறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்ப்போம். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரூக் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு சிற்றூர். 1961 முதல் அங்கே மருத்துவம் பார்த்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். மருத்துவ உதவி மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில்தான் நல்ல மருத்துவம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற உண்மையை 1971இல் 'லான்செட்' இதழில் ஒரு விதியாகவே வகுத்துரைத்தார் அவர். நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இரத்த அழுத்தத்தால் துன்புறுவோர் அதை அறியாமலேயே இருப்பதைக் கண்டு, ஊர் மக்கள் எல்லோருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்க்க முற்பட்டார். இந்த அறிவு விரிவுரை மண்டபத்தில் பிறக்கவில்லை. சுரங்கத் தொழிலாளியின் இருமல் கேட்கும் தொலைவில் பிறந்தது!

கடல் கடந்த நாட்டில் யாரை வேலைக்கு அமர்த்தினால் நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு, அன்பர்களே! 1960களிலும் 70களிலும் பிரிட்டனின் தொழில் நகரங்களில், அந்நாட்டு டாக்டர்கள் பலர் செல்ல விரும்பாத ஏழைப் பகுதிகளில், மருத்துவம் பார்த்தவர்களுள் பெருந்தொகையினர் நம் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள். 2020இல் கொரோனா நோய் தாக்கியபோது அந்நாட்டில் முதலில் உயிரிழந்த டாக்டர்களுள் சூடானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சென்றவர்கள் இருந்தனர். வயது, வறுமை, வாழிடம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், அந்நோயால் இறக்கும் அபாயம் வெள்ளையரைவிட வங்கதேச வழியினருக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்று அரசின் அறிக்கையே அவ்வாண்டு கூறியது. அந்த மக்களின் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒரு செவிலியோ டாக்டரோ விண்ணப்பித்தால், கட்டுரைகளின் எண்ணிக்கை போதாது என்று முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவது எந்த வகைச் சமநீதி?

தேர்வுக் குழுவினர் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கின்றனர். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் தரத்தை அரசு மதிப்பிடுகிறது. 2021இல் நடந்த அம்மதிப்பீட்டில் வெளியீடுகளுக்கு மட்டும் நூற்றுக்கு 60 பங்கு. அதைப் பொறுத்தே நிதி கிடைக்கிறது. ஆகவே கட்டுரை எழுதுவோரையே நாங்கள் நாட வேண்டியுள்ளது என்பார்கள். கணக்குச் சரிதான். ஆனால், அந்த மதிப்பீடு கற்பித்தலை அளப்பதில்லையே! கற்பிப்பதற்கென்று ஆளைத் தேடிவிட்டு, கற்பித்தலை அளக்காத கோலால் அவரை அளப்பது முறையாகுமா?

புள்ளிவிவரம் அறியாதவர் இப்பாடத்தை எப்படிக் கற்பிப்பார் என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, அரசு ஊழியருள் பதவி இறங்க இறங்க இறப்பு ஏறுவதைக் காட்டியது. பொறுமையான கணக்கின்றி அந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. டியூடர் ஹார்ட்டும் சிற்றூருக்குச் செல்லுமுன் ரிச்சர்டு டால், ஆர்ச்சி காக்ரன் போன்ற ஆய்வறிஞர்களிடம் பணியாற்றியவரே. கல்வியும் களமும் ஒருவரிடத்தே சேர்ந்தால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு அவரே சான்று. ஆனால், கணக்கைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம் என்று களத்திலிருந்து வருபவரிடம் யாரும் சொல்வதில்லை. மக்களைப் பின்னர் தெரிந்துகொள்ளலாம் என்று கட்டுரையாளரிடம் மட்டும் தாராளமாகச் சொல்கிறார்கள்!

செய்ய வேண்டியவை மூன்று. நலிந்த மக்களிடையே பணியாற்றிய அனுபவத்தை 'இன்றியமையாதவை' என்ற பகுதிக்கு மாற்ற வேண்டும். தேர்வுக் குழுவில் பேராசிரியர்களோடு அவ்வட்டாரத்து மக்களுள் ஒருவருக்கும் வாக்குரிமையுடன் இடம் அளிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு நிலையான பதவி வழங்க வேண்டும். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று அஞ்சுபவர், ஆட்சியாளருக்குக் கசக்கும் உண்மையை வகுப்பில் எப்படிப் பேசுவார்? 1980இல் சர் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு, வறுமைக்கும் நோய்க்கும் உள்ள உறவை எடுத்துரைத்தபோது, அரசு அந்த அறிக்கையில் 260 படிகளே வெளியிட்டது. இத்துறையில் உண்மை பேசுவோர்க்குக் கிடைக்கும் வரவேற்பு அத்தகையது.

ஏழையின் நோயைப் பற்றிப் பாடம் நடத்தலாம், ஆனால் ஏழையை அறிந்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு பல்கலைக்கழகம் தன் விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால், மாணவர் கற்கும் முதல் பாடம் அதுவாகவே இருக்கும். பிறகு எந்த விரிவுரையாளர் வந்தும் பயனில்லை.