பொறுப்பு யார் தலையில்?

சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் முற்பிறவி குறித்துப் பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரை சர்ச்சையானதும், பள்ளிகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று 2024 செப்டம்பர் 6 அன்று தமிழக முதல்வர் அறிவித்தார். கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியொன்றில் ஆகஸ்டில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளான அதிர்ச்சி அப்போது ஆறியிருக்கவில்லை. நெறிமுறை வேண்டும் என்பதில் களக்கல்வித் துறையில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

எதற்கான நெறிமுறை என்பதில்தான் தெளிவு தேவை.

கிருஷ்ணகிரியில் தவறியது அடையாளச் சரிபார்ப்பு. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று என்.சி.சி. பிறகு விளக்கியது, முன்கூட்டியே பட்டாலியன் அலுவலகத்தை ஒருமுறை தொலைபேசியில் கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். அசோக் நகரில் சிக்கல் பேச்சின் உள்ளடக்கம். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டதற்குக் காரணம் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு. மூன்றும் மூன்று வகை ஆபத்து. எல்லாவற்றுக்கும் 'முன் அனுமதி' என்ற ஒரே படிவத்தை நீட்டினால் மூன்றில் ஒன்றுகூடத் தடுக்கப்படாது.

தடைபடப்போவது வேறு: உள்ளூர்க் களப்பயணங்கள். 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 தடங்கள். கடலூர் மாவட்டம் அதில் இல்லை. அம்மாவட்டத்தின் வேப்பூர் கூட்டுரோட்டை ஒட்டிய அரசுப் பள்ளி மாணவருக்குக் களம் என்பது வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை வயல், அவ்வூர்ப் பீங்கான் பட்டறை. பட்டறையில் பிளாஸ்டர் அச்சுக்குள் களிக்குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் தோல்போல ஒரு படலம் திரள்கிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டியதும் உள்ளீடற்ற பொம்மை நிற்கிறது. உறிஞ்சுதலை எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைவிட நன்றாக எங்கே பார்க்கும்?

முகாம் நடத்தும் பெரிய நிறுவனம் அனுமதிக் கோப்பைத் தயார் செய்ய ஆள் வைத்துக்கொள்ளும். பட்டறைக்காரர் 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கிக்கொள்வார். தலைமையாசிரியரும் அப்படித்தான். 'அசம்பாவிதம் ஏதும் நேர்ந்தால் முழுப் பொறுப்பும் தலைமையாசிரியரையே சாரும்' என்ற வரி எத்தனை அனுமதி ஆணைகளின் அடியில் வந்திருக்கிறது! பிறகு அனுமதி அளித்தவர் ஏற்கும் பொறுப்பு என்ன? அசோக் நகர் விவகாரத்தில் முதல் வேலையாக இடமாற்றப்பட்டவர்கள் இரு தலைமையாசிரியர்கள். ஆணை மேலிருந்து வரும், பழி கீழே விழும். பல்லாண்டாக இதுவே நடைமுறை. இந்தப் பயத்தில் விண்ணப்பமே எழுதப்படாமல் போன களப்பயணங்களைத் துறை எந்தப் பதிவேட்டில் கணக்கிடும்?

புதிய நெறிமுறை ஆபத்தின் அளவைப் பார்த்து அமையட்டும். உள்ளூர்ப் பட்டறைக்கும் வயலுக்கும் பெற்றோர் ஒப்புதலோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் போதும். நீர்நிலை, மலையேற்றம், இரவுத் தங்கல் என்றால் நடத்துபவரின் பின்னணி, உபகரணம், காப்பீடு மூன்றையும் மாவட்டக் கல்வி அலுவலகம் நேரில் சரிபார்த்து, பொறுப்பு வாசகத்தின் கீழ் தலைமையாசிரியரோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும். சரிபார்க்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலை மாவட்டந்தோறும் வெளியிடுவதும் துறையின் வேலைதான்.