எலிக்குப் பலித்தது நமக்குப் பலிக்குமா?

உடல் இளைக்க உதவும் 'இயற்கை' மாத்திரைகளின் விளம்பரங்களில் 'கார்சீனியா' என்ற பெயரை மாணவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். கேரள மீன் குழம்பில் சேரும் குடம்புளிதான் அது. நம் நாட்டு அசாம் கெப்பிங்கும் அதே பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் காய்தான். குடம்புளிச் சாறு கலந்த மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம் என்று பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை 2025 மார்ச்சில் அறிவுறுத்தியது. கல்லீரல் பாதிப்பு உள்ளிட்ட கடும் பக்கவிளைவுகள் பதிவானதே காரணம்.

அப்படியானால் இதன்மீது நம்பிக்கை எப்படி வந்தது? ஆய்வுக்கூட எலிகளால்!

குடம்புளியின் முதன்மை அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என 1965இல் இந்திய ஆய்வாளர்கள் லூயிஸ், நீலகண்டன் ஆகியோர் கண்டறிந்தனர். தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்ற ஒரு நொதி உதவுகிறது. அந்த நொதியை இந்த அமிலம் தடுக்கிறது. 1970களில் நடந்த சோதனைகளில் எலிகளின் கொழுப்பு உற்பத்தி குறைந்தது. அவை தின்ற தீனியும் குறைந்தது.

மனிதர்களிடம் நடந்தது வேறு. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், எடை மிகுந்த 135 பேர் 12 வாரம் பங்கேற்றனர். அனைவருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. குடம்புளி மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தனர். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ இழந்தனர். மாத்திரையால் பயன் என்று சொல்ல எதுவுமில்லை.

ஏன் இந்த முரண்? எலிகள் மாவுச்சத்திலிருந்து நிறையக் கொழுப்பை உற்பத்தி செய்கின்றன. வழக்கமான உணவு உண்ணும் மனிதரிடம் இந்த உற்பத்தி குறைவு; நம் உடலில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி, உணவிலுள்ள எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வருகிறது. சிறு வாய்க்காலை அடைத்தால் ஆற்று வெள்ளம் நிற்குமா?

எலி ஆய்வு வீண் என்பதல்ல இதன் பொருள். அதே நொதியைத் தடுக்கும் பெம்பெடோயிக் அமிலம், மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கத்தான். உடலை இளைக்க வைக்க அல்ல.

குழம்பில் போடும் புளி வேறு; செறிவூட்டிய சாறு வேறு. மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்குச் சுகாதார அமைச்சின் பதிவு எண் கட்டாயம். ஆனால் அந்த எண் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துத் தரப்படுவது. எடை குறையும் என்பதற்கான உத்தரவாதம் அன்று.

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று விளம்பரம் சொன்னால், மாணவர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரிடம் சோதித்தார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்?