இந்த வார்டுக்கு எத்தனை செவிலியர்?

ஒவ்வோர் ஆண்டும் உலகச் செவிலியர் நாளான மே 12 அன்று செவிலியர் கல்லூரிகளில் மாணவிகள் மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். அமைச்சர்கள் வாழ்த்துச் செய்தி வெளியிடுகிறார்கள். ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று சமூக ஊடகங்களில் படங்கள் பறக்கின்றன. அன்றிரவே ஏதாவது ஒரு பொது வார்டுக்குள் போய், நோயாளிகள் எத்தனை பேர், டூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வாழ்த்துகளின் எடை தெரிந்துவிடும். செவிலியர் தொழிலைப் பற்றிப் பேச நினைப்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தத் தொழிலை நவீனமாக்கியவரும் அப்படித்தான் தொடங்கினார்.

கணக்குப் போட்ட நைட்டிங்கேல்

கிரீமியப் போரின்போது, 1854இல், 38 பெண்களை அழைத்துக்கொண்டு ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். இரவில் விளக்கோடு வலம்வந்த அவருடைய உருவம் உலகத்துக்குப் பிடித்துப்போனது. அவர் ஊர் திரும்பிச் செய்த வேலை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. போரில் பட்ட காயத்தால் இறந்த வீரர்களைவிட, காலரா, டைஃபஸ், வயிற்றுப்போக்கு போன்ற தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதை மாதவாரியாகக் கணக்கெடுத்து, வட்ட வரைபடமாக வரைந்து பிரிட்டன் அரசின் முன் வைத்தார். புள்ளியியல் கழகம் 1858இல் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால், இங்கிருந்த ராணுவ முகாம்களின் குடிநீர், சாக்கடை, இறப்பு விவரங்களை வரவழைத்து அலசி, 1863இல் வெளியான அரச ஆணைய அறிக்கைக்குப் பின்பலமாக நின்றார்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, செவிலியர் வேலையைக் கற்றுத் தேர வேண்டிய தொழிலாக மாற்றியது. ஆனாலும் அந்தப் பள்ளியின் பார்வைக்கு ஓர் எல்லை இருந்தது. செவிலியர்களுக்குத் தேர்வு வைத்து அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் போன்றோர் போராடியபோது, நைட்டிங்கேல் அதை எதிர்த்தார். நல்லொழுக்கத்தையும் அர்ப்பணிப்பையும் தேர்வுத்தாளில் அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். நியூசிலாந்து 1901இலேயே பதிவுச் சட்டம் கொண்டுவந்துவிட, பிரிட்டன் அதற்கு 1919வரை காத்திருந்தது. நல்ல மனம் கொண்ட பெண்ணா, பயின்று தேர்ந்த வல்லுநரா என்ற அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. சம்பளம், பணி நேரம், அதிகாரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘இது சேவையல்லவா?’ என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்பது அதனால்தான்.

சென்னையிலிருந்து வேலூர்வரை

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையின் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1854இலேயே பேறுகாலப் பயிற்சி தொடங்கியது. பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909இல் டெலியா ஹௌட்டன் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார்.

அன்று இந்தப் பள்ளிகளுக்கு மாணவிகள் கிடைப்பது எளிதாக இல்லை. பிறர் உடலைத் தொட்டு, ரத்தத்தையும் மலத்தையும் சுத்தம் செய்யும் வேலை சாதிக்குத் தீட்டு. அறியாத ஆண்களுக்கு நடுவே இரவுப் பணி பார்ப்பது பெண்ணுக்கு இழுக்கு. இப்படிக் கருதிய குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்ப மறுத்தன. ஆங்கிலோ இந்தியப் பெண்களும், மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்களும், ஆதரவற்ற விதவைகளும்தான் முதலில் முன்வந்தார்கள். யார் செய்கிறார்கள் என்பதை வைத்து வேலையின் மதிப்பைக் குறைக்கும் நம் சமூகத்தின் பழைய வழக்கம், இந்தத் தொழிலை அதன் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டது.

மதராஸ் மாகாணத்தில் 1926இல் செவிலியர், தாதியர் பதிவுக்கான சட்டம் வந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 43 ஆயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையே இருப்பதாகச் சொன்னது. அதே ஆண்டில்தான் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. மறு ஆண்டு இந்திய செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. பதிவும் பட்டமும் இப்படி வந்து சேர்ந்தன. வார்டில் போதுமான ஆட்கள் மட்டும் வந்து சேரவில்லை.

சாதனையும் தொகுப்பூதியமும்

செவிலியரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவில் பிரசவம் பார்க்க ஆளில்லாத நிலையை மாற்ற, ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று நியமித்து, முறை வைத்து 24 மணி நேரமும் இயங்கச் செய்தது தமிழ்நாடு. நள்ளிரவில் வலி எடுத்த பெண்ணுக்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்களைப் பதிவுசெய்து பின்தொடரும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இந்தப் பெருமையில் பெரும் பங்கு உண்டு.

அந்தச் சாதனையைச் செய்தவர்களில் பலரை அரசு எப்படி நடத்தியது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வில் வென்றவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியம் கிடைக்கும் என்று நம்பியவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கரோனா காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 இறுதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால், நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கும் பழக்கம் மாறவில்லை.

தனியார் மருத்துவமனைகளில் நிலைமை இதைவிட மோசம். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு 2016இல் ஓர் அளவுகோல் வகுத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனை, அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 50 படுக்கைகளுக்குக் குறைவான சிறிய மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். கேரளச் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு, வேலைநிறுத்தம் வரை சென்றதால் அங்கே 2018இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வந்தது. மற்ற மாநிலங்களில் அந்தப் பரிந்துரை பெரும்பாலும் கோப்பிலேயே கிடக்கிறது.

விமானம் ஏறும் அனுபவம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. ஏழு செவிலியரில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் பணிபுரிகிறார். முதியோர் பெருகிவிட்ட பிரிட்டனும் ஜெர்மனியும் நம் பெண்களை வரவேற்கின்றன. வளைகுடா நாடுகள் பல தலைமுறைகளாக வரவேற்றுவருகின்றன. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களைத் தேர்ந்து அனுப்புகிறது.

போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கல்விக் கடனை அடைக்கவும், தங்கையைப் படிக்கவைக்கவும், ஊரில் ஒரு வீடு கட்டவும் அந்தச் சம்பளம்தான் வழி. சிக்கல் என்னவென்றால், வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் சில ஆண்டு அனுபவம் பெற்றவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரைக் கையாளத் தெரிந்த கை போய், அந்த இடத்துக்குப் புதிதாகப் படிப்பு முடித்த கை வருகிறது. மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்க 2023இல் மத்திய அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால், படித்து வருகிறவர்களை இங்கேயே தக்கவைக்க வழி செய்யாமல் இடங்களை மட்டும் கூட்டினால், அடுத்த நாட்டு மருத்துவமனைகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுத்தவர்களாவோம்.

தக்கவைக்கச் சம்பளம் மட்டும் போதாது; தொழிலில் வளர இடம் வேண்டும். அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ பயிற்சி, நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் செவிலியர்களை உருவாக்கியது. பிரிட்டனில் தகுதி பெற்ற செவிலியர் மருந்துச் சீட்டு எழுதலாம். இந்தியாவிலும் தீவிர சிகிச்சைக்கான முதுநிலைப் படிப்பும், பேறுகாலத்துக்கான சிறப்புப் பயிற்சியும் வந்துவிட்டன. பட்டம் வந்த வேகத்தில் பதவி வரவில்லை. முதுநிலைப் படிப்பை முடித்தவரும் அதே வார்டில், அதே கேஸ் ஷீட்டை நிரப்பிக்கொண்டு, மருத்துவரின் சொல்லுக்காகக் காத்திருந்தால் அந்தப் படிப்பு எதற்கு? 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நிறைவேறிய தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் கல்வியையும் பதிவேட்டையும் சீர்செய்ய முனைகிறது. வார்டுக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை.

எண்ணைச் சட்டமாக்குவோம்

வார்டுக்குள் நடப்பதை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை லிண்டா ஐக்கனும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. காரணம் மர்மமானதல்ல. மூச்சு வேகமாவதையும், சிறுநீர் குறைவதையும், பேச்சு குழறுவதையும் முதலில் பார்ப்பவர் செவிலியர். அவருக்குப் பார்க்க நேரமில்லாவிட்டால், மருத்துவர் வரும்போது பொழுது கடந்திருக்கும்.

இங்கே அந்தப் பற்றாக்குறையை மறைப்பது நோயாளியின் குடும்பம். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்ததைப் பார்த்து ஓடிவந்து சொல்வது மகள். குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைப்பது மனைவி. அவர்கள் இழக்கும் கூலி எந்த பட்ஜெட்டிலும் ஏறுவதில்லை.

கலிஃபோர்னியா 2004 முதல் வார்டுவாரியாகச் செவிலியர் விகிதத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருக்கிறது. இந்திய செவிலியர் குழுமமும், பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று விதி வகுத்திருக்கிறது. மீறினால் கேட்பாரில்லை என்பதுதான் வித்தியாசம்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் குறைந்தபட்ச விகிதத்தைக் கட்டாயமாக்கியது. இறப்பும், வீடு திரும்பியவர்கள் மீண்டும் படுக்கைக்கு வருவதும் அங்கே குறைந்தன. அதனால் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல இரு மடங்குக்கு மேல் என்று 2021இல் ‘லான்செட்’ இதழ் ஆய்வு காட்டியது.

ஆகவே, கேட்க வேண்டியவை தெளிவானவை. செவிலியர் விகிதத்தை மருத்துவமனை உரிமத்தின் நிபந்தனையாக்கும் மாநிலச் சட்டம். ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அன்றைய ஷிஃப்டின் நோயாளி, செவிலியர் எண்ணிக்கையை எழுதிவைக்கும் கட்டாயம். நிரந்தர வேலைக்குக் காலமுறை ஊதியம். முதுநிலை படித்தவர்களுக்கு அதிகாரம் கொண்ட பணியிடம். இவற்றில் இரண்டாவதற்கு ஒரு கரும்பலகையும் சாக்குக்கட்டியும் போதும். அதை எழுதிவைக்க ஒரு மருத்துவமனை தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கான காரணத்தைக் கேட்கும் உரிமை, உள்ளே படுத்திருப்பவரின் குடும்பத்துக்கு உண்டு.