ஹஸ்கியின் குரல் ஹஸ்கி அல்ல

தமிழில் 'ஹஸ்கி வாய்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். தொண்டை லேசாகக் கட்டியது போல, காதோரம் ரகசியம் பேசுவது போல இருக்கும் குரல். சினிமாப் பாடகர்களைப் பற்றிப் பேசும்போது தாராளமாகப் புழங்குகிற சொல் இது. அதே பெயரில் ஒரு நாயும் இருக்கிறது. பெயரை நம்பி அந்த நாயின் குரலும் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது நினைத்தால், பாவம் அவர்! இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வடதுருவப் பகுதி மக்களை வெளியிலிருந்து போனவர்கள் 'எஸ்கிமோ' என்று அழைத்தார்கள் அல்லவா? அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறிச் சிதைந்து 'ஹஸ்கி' ஆனது. பிறகு அவர்களுடைய நாய்களுக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

சைபீரியன் ஹஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் நீலக் கண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். ஓநாய் போன்ற முகத்தைப் பற்றி ஒரு பத்தி. அடர்ந்த இரட்டை ரோமத்தைப் பற்றியும், அது கொட்டும் காலத்தில் வீடு படும் பாட்டைப் பற்றியும் இரண்டு பத்தி. சத்தத்துக்கு மட்டும் ஒரே வரி: 'அதிகம் குரைக்காது, சில சமயம் ஊளையிடும்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியை நம்பி நாயை வாங்கியவர்கள்தான் பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள்.

குரைப்பு என்பது ஒரு வகையில் சௌகரியமான சத்தம். தபால்காரர் வந்தால் குரைக்கும், போனால் நிற்கும். காரணம் தெரியும், முடிவும் தெரியும். ஹஸ்கியின் கச்சேரி அப்படிப்பட்டதல்ல. கழுத்தை உயர்த்தி, வாயைக் குவித்து, ஒரே மூச்சில் இழுக்கும் ஊளை ஒரு வகை. அதை முழுக்க ஊளை என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது என்கிற மாதிரி 'ஊ... வூ... வாவ்வூ' என்று ஏற்ற இறக்கத்தோடு முறையிடுவது இன்னொரு வகை. 'இறங்கு, அது என் சோபா' என்று சொன்னால் பதிலுக்கு வாதாடும். சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் புகார் செய்யும். குளிப்பாட்டும்போதும் நகம் வெட்டும்போதும் அது போடுகிற அலறலைக் கேட்டால், தெருவில் போகிறவர்கள் உள்ளே ஏதோ கொடுமை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் போதும், அது தன் இனத்தான் அழைப்பது போலப் பதில் பாடத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் போய்விடும், பாட்டு நிற்காது.

இவ்வளவு சத்தம் போடுகிற நாய் வீட்டைக் காவல் காக்குமா என்றால், அதுவும் இல்லை. அறிமுகமில்லாத ஆளைக் கண்டால் வாலை ஆட்டி வரவேற்கிற இனம் இது. காவல் நாயாக இதை நம்ப வேண்டாம் என்று ஹஸ்கி வளர்ப்போரே சொல்கிறார்கள்.

ஏன் இப்படி என்று பார்த்தால், கதை ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் தொடங்குகிறது. அங்கே வாழும் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்களின் வாரிசுதான் இன்றைய சைபீரியன் ஹஸ்கி. ஆண் நாயே 20 முதல் 27 கிலோதான் இருக்கும். பெரிய பாரத்தை இழுப்பதற்கானது அல்ல. மிதமான பாரத்தை மிக நெடுந்தூரம், கூட்டமாகச் சேர்ந்து இழுப்பதற்கானது. 1909இல் அலாஸ்காவின் நோம் நகரப் பந்தயத்துக்கு இந்த நாய்களைக் கொண்டுவந்தபோது, உருவத்தைப் பார்த்து 'சைபீரிய எலிகள்' என்று உள்ளூர்க்காரர்கள் கேலி செய்தார்களாம். அடுத்த ஆண்டே, 1910இல், இந்த எலிகள்தான் சுமார் 650 கிலோமீட்டர் பந்தயத்தில் முதலில் வந்தன.

கூட்டமாக வேலை செய்து, கூட்டமாக உறங்கி வாழ்ந்த விலங்குக்கு ஊளைதான் மொழி. ஒன்று எழுப்பினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். ஹங்கேரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 68 வளர்ப்பு நாய்களுக்கு ஓநாய் ஊளையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரபு வழியில் ஓநாய்க்கு நெருக்கமான பழைய இனங்களைச் சேர்ந்த, வயது முதிர்ந்த நாய்கள் அதிக நேரம் பதில் ஊளையிட்டன. புதிய இனங்களோ குரைப்பதோடு நிறுத்திக்கொண்டன. ஹஸ்கி அந்தப் பழைய இனங்களின் வரிசையில் வருகிறது. இதை வைத்து ஹஸ்கியைப் பாதி ஓநாய் என்று சொல்லிவிடக் கூடாது. அது முழுக்க முழுக்க நாய்தான். மற்ற நாய்கள் மறந்துவிட்ட ஒரு பழக்கத்தை மறக்காத நாய், அவ்வளவே.

ஹஸ்கியின் சத்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பனிவண்டிப் பந்தயம் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடரோட் பந்தயம், மார்ச் மாதத்தில் ஆங்கரேஜ் நகரத் தெருவில் சம்பிரதாயமாகத் தொடங்கும். (இன்று அதில் ஓடுபவை பெரும்பாலும் 'அலாஸ்கன் ஹஸ்கி' எனப்படும் கலப்பு நாய்கள். தூய சைபீரியன் குறைவு. ஆனால் குணம் ஒன்றுதான்.) நாய்களை வண்டியில் பூட்டிய நொடியிலிருந்து ஒரே களேபரம். எம்பிக் குதிக்கின்றன, வாரைக் கடிக்கின்றன, அலறுகின்றன, ஊளையிடுகின்றன. முன்னால் பாய்ந்துவிடாமல் இருக்க ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பிறகு வண்டியை விடுவிக்கிறார்கள். அந்த நொடியே அத்தனை சத்தமும் நின்றுவிடுகிறது! பனியில் வண்டி சறுக்கும் ஓசையும் நாய்கள் மூச்சு வாங்கும் ஓசையும்தான் மிச்சம்.

ஓடுகிற ஹஸ்கி மௌனமாக இருக்கிறது. ஓடவிடாமல் பிடித்து வைத்த ஹஸ்கிதான் கத்துகிறது. ஒரு நாளில் 23 மணி நேரம் வீட்டுக்குள் இருக்கும் ஹஸ்கி, புறப்படாத வண்டியில் பூட்டிய நாய் போலத்தான். நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே உருவான உடம்பு அது. அதற்குக் காலையில் ஒரு பத்து நிமிடம், தெருமுனை வரை ஒரு நடை. அதன்பின் எஜமானர் அலுவலகம் போய்விடுகிறார். கதவு சாத்தப்படுகிறது. கூட்டத்தில் வாழப் பிறந்த பிராணி தனியாக நிற்கிறது. அப்போது அது ஊளையிடாமல் வேறென்ன செய்யும்? இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊளையை எஜமானர் கேட்பதே இல்லை. கேட்பவர் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்க முயலும் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்த இடத்தில் நியூயார்க் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1925 ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகளின் உயிரைக் காக்க வேண்டிய முறிமருந்தை நாய் வண்டிகளில்தான் கொண்டு போக முடிந்தது. 20 ஓட்டிகளும் சுமார் 150 நாய்களும் மாறி மாறி, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்தது லியன்ஹார்ட் செப்பாலாவும் அவருடைய தலைமை நாய் டோகோவும். கடைசிப் பகுதியை ஓடி ஊருக்குள் நுழைந்தது பால்டோ. பெயர் வாங்கியதும் பால்டோதான். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பால்டோவே வந்திருந்தது. இன்றும் குழந்தைகள் அந்தச் சிலையின் முதுகில் ஏறி விளையாடுகிறார்கள்.

அதே நியூயார்க்கில் 2007இல் நடைமுறைக்கு வந்த இரைச்சல் சட்டத்தில் செல்லப் பிராணிகளுக்கும் ஒரு விதி உண்டு. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, தொடர்ந்து 10 நிமிடம் சத்தம் போட்டால் அது குற்றம். இரவு 10 மணிக்குப் பிறகு என்றால் 5 நிமிடம்தான். 311 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். சிலையாக நிற்கிற வரை பிரச்சினை இல்லை. உயிரோடு எதிர்வீட்டில் இருந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஹஸ்கியை ஆசைப்பட்டு வாங்கியவர் அல்லர். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், நோயாளி இருக்கலாம். நாய்ப் பிரியர்கள் பலர் புகார் செய்கிறவரை ஈவிரக்கமற்றவர் போலப் பேசுவது நியாயமில்லை. ஐந்து நிமிட ஊளை எவ்வளவு நீளம் என்பது நள்ளிரவில் கேட்டவருக்குத்தான் தெரியும்.

குற்றவாளி யார் என்றால், கண்ணால் பார்த்து மட்டும் நாயைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் 2011இல் தொடங்கிய பிறகு, அதில் வரும் பெரிய ஓநாய்களைப் பார்த்து மயங்கிப் பலர் ஹஸ்கி வாங்கினார்கள். (முதல் பருவத்தில் நடித்தவை ஹஸ்கிகளே அல்ல, 'நார்தர்ன் இன்யூட்' என்ற வேறு நாய்கள்!) கொஞ்ச காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காப்பகங்களுக்கு ஹஸ்கிகள் வந்து சேர ஆரம்பித்தன. 2017இல் அந்தத் தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜே, யோசிக்காமல் ஹஸ்கி வாங்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம் யூடியூப். 2008இல் 'ஐ லவ் யூ' என்று சொல்வது போல ஊளையிட்ட மிஷ்கா என்ற ஹஸ்கி உலகப் புகழ் பெற்றது. அதன் பின்னால் 'பேசும் ஹஸ்கி' படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. அரை நிமிடம் பார்த்துச் சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு அரை நிமிடத்தில் முடிவது படத்தில் மட்டும்தான். வீட்டில் நிறுத்துவதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது.

வாங்கிய பிறகு என்ன செய்கிறார்கள்? சிலர் துணைக்கு இன்னொரு ஹஸ்கி வாங்குகிறார்கள். தனிமையால் கத்திய நாய்க்கு இது உதவலாம். பல வீடுகளில் நடப்பது என்னவோ தனிக்கச்சேரி ஜோடிக் கச்சேரி ஆவதுதான். சிலர் குரல் எழுப்பினால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையை மாட்டுகிறார்கள். வேல்ஸ் நாட்டில் 2010லேயே இதற்குத் தடை வந்துவிட்டது. எல்லாவற்றையும் விடக் கொடியது, குரல்நாணை வெட்டும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் நாய் ஊளையிட முயன்றுகொண்டேதான் இருக்கும். கரகரவென்று ஒரு காற்றுச் சத்தம் மட்டும் வரும். உண்மையான 'ஹஸ்கி வாய்ஸ்' அப்போதுதான் வருகிறது! வளர்ப்புப் பிராணிகளைப் பாதுகாப்பதற்கான 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய உடன்படிக்கை இதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2010இல் தடை செய்தது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் இன்னும் முழுத் தடை இல்லை.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது நாய் விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். பயிற்சியால் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. கத்தும்போது திரும்பிப் பார்க்காமல் இருந்து, அமைதியானதும் தின்பண்டம் கொடுத்தால் நாய் கணக்குப் போட்டுக்கொள்ளும். 'கத்தாதே' என்று எஜமானரும் சேர்ந்து கத்தினால், கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அது மகிழ்ச்சியோடு இன்னும் உரக்கப் பாடும். உண்மையில் பலன் தருவது ஓட்டம்தான். காலையிலேயே களைக்கக் களைக்க ஓடிய ஹஸ்கி பகலில் பெரும்பாலும் தூங்கும். ஆனால் அதற்கு எஜமானரும் தினமும் ஓட வேண்டும் அல்லது சைக்கிள் மிதிக்க வேண்டும். மழை, ஜலதோஷம், ஞாயிற்றுக்கிழமை எதுவும் கணக்கில் வராது. இதற்கு மனம் இல்லாதவர்களும், சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு பகல் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் இந்த நாயை வாங்கவே கூடாது. இதைச் சொன்னால் ஹஸ்கி பிரியர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள் குட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், வளர்ந்த ஹஸ்கி இருக்கிற வீட்டில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கலாம். அதுவும் சாப்பாட்டு நேரத்தில். முடிந்தால் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்! இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. முந்தைய எஜமானர்கள் கைவிட்ட இரண்டு, மூன்று வயது ஹஸ்கிகளைக் காப்பகங்களில் தத்தெடுக்கலாம். எல்லா ஹஸ்கியும் ஒரே அளவு கத்துவதில்லை. சாது ரகங்களும் உண்டு. குட்டியிடம் இது தெரியாது. வளர்ந்த நாயிடம் தெரிந்துவிடும். எந்த நாய் விடியற்காலையில் பாடும், எது சைரனுக்கு மட்டும் வாய் திறக்கும், எது தனியாக விட்டாலும் சுருண்டு படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அங்கே தினமும் சோறு வைக்கிறவர்களுக்கு அத்துப்படி. கேட்டால் சொல்வார்கள்.