நம்பிக்கை தனக்கு, அன்பு பிறர்க்கு

சென்ற மாதம் கோட்டுச்சேரியில் கடைத்தெருவை ஒட்டிய திடலில் மூன்று இரவுகள் நற்செய்திக் கூட்டம் நடந்தது. இரண்டாம் இரவு நானும் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் நல்ல நாவன்மை உடையவர். ஊழியத்தில் தேவ அன்பும் தேவ நம்பிக்கையுமே முதலிடம் பெற வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளிக்கூடம், விடுதி, மருந்தகம், மாதச் சம்பளம் யாவும் மாம்சத்தின் ஏற்பாடுகள். சம்பளத்தை நோக்குகிறவன் கூலியாள். ஆண்டவரை நோக்குகிறவனே ஊழியன் என்று அவர் முடித்தபோது கூட்டம் முழுவதும் ஆமென் என்றது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் எழுபதைக் கடந்த உபதேசியார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரைக் கிராமங்களுக்கு அனுப்பிவைத்த அமைப்பு, ஐந்து மாதங்களாக அவருக்குரிய படியைத் தரவில்லை. கேட்கப் போனபோது கிடைத்த மறுமொழி இது: "ஐயா, விசுவாசத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்கிறவர் நீங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார்." இதை அவர் என்னிடம் முறையீடாகச் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்று நான் கேட்டதற்கு விடையாகவே சொன்னார். பிரசங்கம் முடிந்தபோது அவரும் ஆமென் என்றார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

நானும் சபையில் பிறந்து வளர்ந்தவன். ஊழியத்தில் அன்பும் நம்பிக்கையும் முதலிடம் பெற வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. யார், யாரைப் பார்த்து அதைச் சொல்கிறார் என்பதே என் கேள்வி. கடவுளை நம்பியிரு என்பது ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத்தக்க சொல். பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவர் வெறுங்கையோடு நிற்பவரைப் பார்த்து அதைச் சொல்வாரானால், அது கொடுக்க வேண்டியதைக் கொடாமல் இருப்பதற்கான சாக்கு. யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், ஆடையும் உணவும் இல்லாதவனுக்கு வாழ்த்துரையை மட்டும் கொடுத்து அனுப்புகிறவனைப் பற்றி எழுதியிருப்பதை, நம்பிக்கையைப் பற்றி முழங்குவோர் ஏனோ எடுத்துப் பேசுவதில்லை.

தமிழ் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். தொல்காப்பிய உரியியலில் 'நம்பு' என்னும் சொல்லுக்குக் கூறப்படும் பொருள் நசை, அதாவது விருப்பம். பழந்தமிழில் நம்புதல் என்பதே ஒருவரை விரும்பி நாடுதல். பிற்காலத்தில்தான் அச்சொல் உறுதிகொள்ளுதல் என்னும் பொருளுக்கு ஒதுங்கியது. விருப்பம் வற்றிப்போன இடத்தில் நம்பிக்கை என்று எதைக் கேட்டாலும், கேட்கப்படுவது கீழ்ப்படிதலாகவே இருக்கும்.

இந்த வழக்கு நம் பகுதிக்குப் புதிதன்று. கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறு, அதற்கப்பால் தரங்கம்பாடி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வாதம் அங்கு ஒருவரின் கடைசி நாள்களைக் கசப்பாக்கியது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிவைத்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று புளுட்சோவுடன் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது நிரம்ப ஒரு நாள் இருந்தது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணம் கரைக்கு வந்து சேருமுன் கடலில் மூழ்கியது. தரங்கம்பாடியின் டேனிய ஆளுநரே அவரைப் பகைத்து, 1708 நவம்பர் முதல் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் வைத்தார். இவ்வளவுக்கும் பிறகு அவர் ஊரை விட்டுப் போகவில்லை. கடவுளை நம்புதல் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே மனிதர், பிறர் திறத்தில் நடந்துகொண்ட முறை வேறு. 1707லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பள்ளியில் தங்கிய ஏழைச் சிறுவர்களுக்கு உணவும் உடையும் தந்தார். அச்சகம் வந்தது, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதம் போதாமல் பொறையாற்றில் காகிதப் பட்டறை அமைத்தார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. தான் பட்டினி கிடந்தால் கர்த்தரின் சித்தம் என்று பொறுக்கலாம். தன்னை நம்பி வந்த பிள்ளை பட்டினி கிடந்தால் அரிசி வாங்க வேண்டும். இந்த வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலர் கிறிஸ்தியான் வெண்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. பக்தி மிகுந்தவர்தாம் அவர். அப்போஸ்தலர்களைப் போல ஊழியர்கள் கைப்பொருள் இல்லாமல் ஊர் ஊராகப் போக வேண்டும். கட்டடம், பள்ளி, பட்டறை என்று இவ்வுலக ஏற்பாடுகளில் உழலக் கூடாது என்பது அவர் கொள்கை. கடுமையான கடிதங்கள் தரங்கம்பாடிக்கு வந்தன. ஆன்மாவுக்குச் செய்யும் தொண்டும் உடலுக்குச் செய்யும் தொண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை, ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்ய இயலாது என்பது சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தந்த மறுமொழியின் சாரம். ஏற்கெனவே நோயுற்றிருந்த சீகன்பால்குவை அக்கடிதங்கள் மேலும் நொறுக்கின. 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாம் வயதில், அவர் இறந்தார். அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டே கிரண்ட்லரும் மறைந்தார்.

வெண்ட் தரங்கம்பாடியைக் கண்டவர் அல்லர். நாகூர்க் காற்றும் மார்கழி வெள்ளமும் எப்படியிருக்கும் என்று அறிந்தவரும் அல்லர். கோபன்ஹேகனில் மேசைக்கு முன் அமர்ந்து, சோழமண்டலக் கரையில் இருப்பவருக்கு வறுமையைப் பரிந்துரைத்தார். அவருடைய சொற்களுக்கு வேத ஆதாரம் இருந்தது. ஆனால் அவ்வறுமையின் சுமையில் ஒரு பங்கையும் அவர் தாங்க வேண்டியிருக்கவில்லை. திடலில் கேட்ட பிரசங்கத்திலும் எனக்கு அந்த மேசையின் குரலே கேட்டது.

இலக்கிய ஆர்வலர்களுக்கு இன்னொரு செய்தி இன்னும் உறைக்கும். சீகன்பால்கு 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியலும் எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய பெருநூலை முடித்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த பேராசான் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர் கருத்து. நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. கடவுளை முதலில் வை என்னும் கட்டளை, மனிதரை அறிந்துகொள்ளாதே என்று பொருள்படத் தொடங்கினால், அன்பு அப்போதே வெளியேறிவிடுகிறது. அயலான் எதைப் பாடுகிறான், எதைக் கண்டு அஞ்சுகிறான், எதன் முன் கைகூப்புகிறான் என்று கேட்டறிய மனமில்லாதவன் அவனை நேசிப்பதாகச் சொல்வதை யார் நம்புவார்?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்பு போய்க் கட்டடம் மட்டும் எஞ்சிய நிறுவனங்கள் நம்மிடையே உண்டு. சபைச் சொத்துக்காகவும் சபைப் பதவிக்காகவும் நீதிமன்றப் படியேறுவது வாடிக்கையாகிவிட்டது. ஏழைப் பிள்ளைக்கென்று தொடங்கிய பள்ளியின் வாசலில் அந்த ஏழை நிற்க முடியாத நிலையையும் பார்க்கிறோம். இவற்றைக் கண்டு மனம் வெறுத்தே பலர் வெண்ட்டின் பக்கம் சாய்கிறார்கள். அந்த வெறுப்பை நானும் அறிவேன். ஆனால் அன்பில்லாத பள்ளிக்கு மாற்று, அன்புள்ள பள்ளி. பள்ளியையே மூடுவது மாற்றாகாது.

இப்பிரசங்கியார்கள் தவறாமல் எடுத்துக்காட்டுபவர் பிரிஸ்டல் நகரின் ஜார்ஜ் முல்லர். யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தாலேயே அநாதை இல்லம் நடத்தியவர் என்பர். உண்மைதான். 1830இல் தமக்குரிய நிலைச் சம்பளத்தை அவர் துறந்தார். துறந்தது தம் சம்பளத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்காக ஐந்து பெரிய இல்லங்களைக் கட்டினார். 10,000க்கும் மேற்பட்ட அநாதைகள் அவற்றில் உண்டு, உடுத்து, படித்து வளர்ந்தனர். 'இன்று ரொட்டி இல்லை, நீங்களே ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று எந்தப் பிள்ளையையும் அவர் வெளியே அனுப்பவில்லை. ஹாலேயில் பயின்றவர் அவர். அநாதைகளுக்கெனப் பிராங்கே எழுப்பிய இல்லத்தில் சில காலம் தங்கியவர். சீகன்பால்குவின் நூலை மறுத்த அதே பிராங்கே, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லமும் கட்டியவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. தரங்கம்பாடிக்கு 1750இல் வந்து, பின்னர்த் தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிய செய்தி அது. 1780களின் தொடக்கத்தில் ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தும் குடியானவர்கள் கொண்டுவரவில்லை. முன்பு விலை கொடுக்காமல் ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். அரசின் வாக்கும் கும்பினியின் வாக்கும் செல்லவில்லை. விலைக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகே மாடுகளும் நெல்லும் வந்தன. சொன்னபடி அவர் விலையைக் கொடுத்தார். சேர வேண்டிய காசு சேரும் என்று ஒரு குடியானவன் நம்பும்படி வாழ்ந்தாரே, கடவுள் நம்பிக்கையைப் பற்றி அவர் நிகழ்த்திய எந்தப் பிரசங்கமும் இதற்கு ஈடாகுமா?

இனி, நானே கண்டதைச் சொல்லி முடிக்கிறேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அப்போது நான் முதுகலை மாணவன். கடல் வந்துபோன பிறகு கோட்டுச்சேரிமேட்டிற்கு நண்பர்களோடு ஓடினேன். அடுத்த நாள்களில் பல வண்டிகள் வந்தன. ஒரு வண்டியில் வந்தவர்கள், முதலில் கண்ணை மூடி ஜெபம், பிறகே அரிசிப் பை என்று வரிசை கட்டச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அந்த வரிசையில் நின்று கண்ணை மூடியதைப் பார்த்தேன். கடவுளை முதலில் வைப்பதாகத்தான் அவர்களும் எண்ணியிருப்பார்கள்.

அதே கரையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீனவர்களோடு சேர்ந்து உடல்களைத் தூக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். எந்த மதத்துப் பிணம் என்று அவர் கேட்கவில்லை. மூன்று நாள்கள் அவர் வாயிலிருந்து பிரசங்கம் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு கிழவர், "நீங்க யாருங்க ஐயா?" என்று கேட்டபோதுதான், "பக்கத்துல உபதேசியாரா இருக்கேன்" என்றார்.

அவருக்குத்தான் இப்போது ஐந்து மாதப் படி நிலுவை.

அவர் கர்த்தரை நம்பட்டும். அது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள உறவு. அதில் தலையிட எனக்கோ பொறுப்பாளருக்கோ உரிமை இல்லை. பொறுப்பாளர் செய்ய வேண்டியது வேறொன்று. ஐந்து மாதப் பணத்தை எண்ணி ஓர் உறையில் இட்டு, தாமே கோட்டுச்சேரிக்கு வந்து, அந்தப் பெரியவரின் கையில் கொடுத்து, தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த கூட்டத்தில் அவர் அன்பைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் எத்தனை மணி நேரம் பேசினாலும் நான் முன் வரிசையில் அமர்ந்து கேட்பேன்.