மொரியோகாவில் பிரியும் ரயில்

பச்சை ரயில் ஒன்றும் சிவப்பு ரயில் ஒன்றும் மூக்கோடு மூக்கு கோத்துக்கொண்டு நிற்கும். பிளாட்பாரத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சின்னப் பிள்ளைகள். அவர்களைவிட ஆர்வமாக அப்பாக்கள். ஜப்பானின் வடக்கே, இவாத்தே மாகாணத்தின் தலைநகரான மொரியோகா ரயில் நிலையத்தில் தினமும் நடக்கிற காட்சி இது.

டோக்கியோவிலிருந்து பத்துப் பெட்டி 'ஹயபுசா'வும் ஏழு பெட்டி 'கொமாச்சி'யும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. வழியில் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர் வரை. மொரியோகாவில் கொக்கி கழன்றதும் சிவப்புக் கொமாச்சி முதலில் கிளம்பி மேற்கே அகிதாவுக்குத் திரும்பும். பச்சை ஹயபுசா நேரே வடக்கே. திரும்பும்போது பச்சை முன்னால் வந்து காத்து நிற்க, சிவப்பு பின்னால் மெதுவாக வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சில நிமிட வேலை.

பிரிந்த பிறகு கொமாச்சியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 320-ல் பறந்த ரயில், இனி 130-ஐத் தாண்ட முடியாது. மலை, பனி, பெரும்பகுதி ஒற்றைப் பாதை, நடுநடுவே லெவல் கிராசிங் வேறு! அது பழைய உள்ளூர்ப் பாதை. நம் மீட்டர் கேஜைவிடக் கொஞ்சமே அகலமாக இருந்ததை, ஏறத்தாழ ஓராண்டு ரயிலை நிறுத்தி அகலப்பாதையாக்கி 1997-ல் திறந்தார்கள். தண்டவாளம்தான் அகலமானது, சுரங்கங்கள் அப்படியே. அதனால் கொமாச்சிக்கு ஒல்லி உடம்பு. பெரிய நிலையங்களில் பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே இடைவெளி விழும். கதவுக்குக் கீழிருந்து ஒரு படி விரிந்து வந்து அதை அடைக்கும். யோசித்தவருக்கு ஒரு சபாஷ்!

அந்தக் கொக்கியும் ஏமாற்றியிருக்கிறது. 2024 செப்டம்பரில், 315 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதே இரண்டும் தனித்தனியாகிவிட்டன. தானியங்கி பிரேக் இரண்டையும் நிறுத்தியது, யாருக்கும் காயமில்லை. 2025 மார்ச்சில் மறுபடியும் அதே கதை. சில நாட்கள் சேர்த்து ஓட்டுவதையே நிறுத்திவைத்தார்கள்.

கூட்டம் பார்ப்பது இந்த ரயில்களைத்தான். எனக்கென்னவோ கீழே இருக்கும் பூஜ்ஜியம் நம்பர் பிளாட்பாரம் மேல்தான் கண். ஆமாம், 0!

1982-ல் புல்லட் ரயில் மொரியோகாவுக்கு வந்தது. 2002 டிசம்பரில் பாதை வடக்கே ஹாச்சினொஹே வரை நீண்டது. அன்றைக்கே அதற்கு இணையான பழைய பாதையைப் பெரிய ரயில் கம்பெனி கைகழுவிவிட்டது. அங்கே நடைமுறையே அப்படி. மாகாண அரசும் வழியில் உள்ள ஊர்களும் பணம் போட்டு, சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தன. பெயர் மட்டும் பிரமாதம்: இவாத்தே பால்வீதி ரயில்வே! இந்த மண்ணில் பிறந்த எழுத்தாளர் மியாசாவா கென்ஜியின் பால்வீதி ரயில் கதையிலிருந்து எடுத்தது.

பெயரை வைத்து டீசல் போட முடியுமா? (மின்சார ரயில்தான், சும்மா சொன்னேன்.) டிக்கெட் விலை ஏறியது. டோக்கியோ போகிறவருக்கு நேரம் மிச்சம். பக்கத்து ஊரிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற பிள்ளையின் சீசன் டிக்கெட்டுக்குக் கூடுதல் காசு. அதே பாதையில்தான் மொரியோகாவின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வடக்கேயிருந்து வயதானவர்கள் வருகிறார்கள். 2008-ல் அந்தச் சின்னக் கம்பெனி அவர்களுக்கென்று சலுகை டிக்கெட் கொடுத்து, காலை ரயிலில் கூடவே வர ஓர் உதவியாளரையும் வைத்தது. இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸிக்கும் ஏற்பாடு.